ஊடகம் செய்வது பிரதிநிதித்துவமா, சித்திரிப்பா?

“ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகள் தவறாகப் பிரதிநிதித்துவப்படுத்தப்படுகிறார்கள்.” மெய்ப்புப் பார்க்கச் சொல்லி வந்த ஒரு மொழிபெயர்ப்பின் முதல் வரி இது. அந்தக் கடைசிச் சொல்லை எண்ணிப் பார்த்தேன், 21 எழுத்து. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொருள்தான் தப்பு. மாற்றுத்திறனாளிகள் சார்பாக யாரோ ஒருவர் ஊடகத்தில் போய்ப் பேசினார், சரியாகப் பேசவில்லை என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். எழுதியவர் சொல்ல வந்ததோ, படத்திலும் தொடரிலும் செய்தியிலும் அவர்களைக் காட்டுகிற விதம் தவறு என்பது. இதே பிழையை எத்தனையோ கட்டுரைகளில் திருத்தியாகிவிட்டது. இந்த முறை திருத்தியதோடு விட மனம் வரவில்லை.

முதலில் வேர். பிரதிநிதித்துவம் என்று இங்கே பெயர்த்திருக்கும் ஆங்கிலச் சொல் ரெப்ரசென்டேஷன், அது லத்தீனிலிருந்து வந்தது. எதிரே இல்லாத ஒன்றை மறுபடி கண்முன் கொண்டுவருவது என்பது அடிப்படைப் பொருள். ஆங்கிலத்தில் அது இரண்டு கிளை விட்டது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பது ஒரு கிளை. ஒன்றைப் படமாகவோ சொல்லாகவோ காட்டுவது இன்னொரு கிளை. பிரதிநிதி என்பது வடசொல், ‘பதிலாக வைக்கப்பட்டது’ என்று பொருள். வேள்விக்கு விதித்த பொருள் கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக வைப்பதையும் சடங்கு நூல்கள் பிரதிநிதி என்றே சொல்லும். ஆக, தமிழில் அந்தச் சொல்லுக்கு வழங்குவது முதல் கிளைதான். மக்கள் பிரதிநிதி, விகிதாசாரப் பிரதிநிதித்துவம் எல்லாம் சரி. காட்டுவது என்ற பொருளில் தமிழ் வாசகர் அதைப் படிக்க மாட்டார்.

இந்தக் கலப்பு ஆங்கிலத்தின் சிக்கல். ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. பதிலாக நிற்பது ஃபெர்ட்ரேட்டன், காட்டுவது டார்ஷ்டெல்லன். பிரெஞ்சுச் சிறு விவசாயிகளால் தங்களுக்காகத் தாங்களே நிற்க முடியாது, வேறொருவர்தான் அவர்களுக்காக நிற்க வேண்டும் என்று மார்க்ஸ் 1852இல் எழுதியபோது முதல் சொல்லைத்தான் போட்டார். ஆங்கிலத்துக்கு வந்ததும் அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக் 1988இல் வெளியான தம் கட்டுரையில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால், ஒரு மக்களைப் பற்றிப் பேசுகிறவர் அவர்களுக்காகவே பேசுவதாக ஆகிவிடும் என்பது அவருடைய கவலை. ஆங்கிலத்தில் எழுதியவரே தெளிவுக்காக ஜெர்மனுக்குப் போக வேண்டியிருந்தது. தமிழில் எழுதுகிறவருக்கு அந்தத் தேவையே இல்லை. கையில் நல்ல சொல் இருக்கும்போது ஆங்கிலத்தின் குறையைச் சுமந்துகொண்டு வருவானேன்?

அந்தச் சொல் சித்திரிப்பு. சித்திரமும் வடசொல்தானே என்று தனித்தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். ஆமாம். ஆனால் ‘சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று ஔவை பெயரால் வழங்கும் வெண்பாவிலேயே செந்தமிழுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சொல் அது. ‘சுவரை வைத்துத்தான் சித்திரம்’ என்று எழுதப் படிக்கத் தெரியாதவரும் சொல்லிவிட்டார். அதை வெளியே அனுப்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. பிரதிநிதித்துவத்துக்குத்தான் தமிழ்ச் சொல் வேண்டும் என்றால் சார்பாண்மை இருக்கிறது. பிரதிநிதியைக் குறிக்கும் பேராளர் என்ற சொல்லிலிருந்து பேராண்மை என்று ஆக்கிவிடாதீர்கள். வள்ளுவர் அந்தச் சொல்லைப் பெருவீரத்துக்கு வைத்துவிட்டார். சித்தரிப்பு என்று எழுதுவது பரவலாகிவிட்டது, நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் சித்திரத்திலிருந்து வந்தது சித்திரிப்பு, இகரத்தோடு எழுதினால் வேர் கண்ணுக்குத் தெரியும்.

சித்திரிப்பு என்றாலே திரித்துக் காட்டுவது என்ற வாடை அடிக்கிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். ‘குற்றவாளியாகச் சித்திரிக்கிறார்கள்’ என்று அடிக்கடி கேட்பதால் வந்த வாடை அது. தாயின் துயரத்தை எவ்வளவு அழகாகச் சித்திரித்திருக்கிறார் என்று கதையைப் பாராட்டுவதும் அதே சொல்லால்தான். நல்லதா கெட்டதா என்பதை முன்னால் வரும் அடை சொல்லிவிடும்.

அப்புறம் பிரதிபலிப்பு. பிரதிநிதித்துவத்தை விட இது எனக்கு அதிகக் கோபம் தருகிறது, ஏனென்றால் கேட்கச் சரியாக இருக்கிறது. ‘ஊடகங்கள் சமூகத்தைப் பிரதிபலிக்கின்றன.’ கண்ணாடி தானாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, எதிரே நிற்பதைக் காட்டும். ஊடகம் அப்படியா? சக்கர நாற்காலியில் ஒருவர் வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா முதலில் சக்கரத்தைக் காட்டும், அப்புறம் போர்வை மூடிய கால், கடைசியில்தான் முகம். பின்னணியில் சோக இசை. எதிரே இருப்பவர் குரலைத் தாழ்த்திப் பேசுவார். இந்த வரிசையை யாரோ முடிவு செய்தார்கள். முகத்திலிருந்து தொடங்கியிருந்தால் அவர் வேறு ஆள். ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் இதைத்தான் விளக்கினார். பொருள் உலகத்தில் தயாராக இருக்கிறது, ஊடகம் கண்ணாடி பிடிக்கிறது என்பது ஒரு பார்வை. பேசுகிறவர் நினைத்ததுதான் பொருள் என்பது இன்னொன்று. காட்டுகிற செயலில்தான் பொருளே உருவாகிறது என்ற மூன்றாவது பார்வையை அவர் ஏற்றார். ஊடகச் சித்திரிப்பை ஆராயும் துறையே இந்தக் கண்ணாடிக் கருத்தை மறுத்து வளர்ந்தது. அதன் மையச் சொல்லைப் பிரதிபலிப்பு என்று பெயர்த்தால், ஹால் எதை மறுத்தாரோ அதையே அவர் வாயில் வைத்ததாகிவிடும். பிழையான சொல் என்பதோடு நிற்காமல், ஆசிரியரின் வாதத்தையே கவிழ்த்துவிடுகிறது.

மீள்முன்வைப்பு என்றும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். லத்தீனை உடைத்துத் துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டியிருக்கிறார்கள். வேர் சரிதான், ஆனால் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அது எதையும் காட்டாது. ஒரு தீர்மானத்தை மறுபடி சபையில் வைத்தார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சொல்லை இவ்வளவு பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குழு தன்னை ‘நாங்கள்’ என்று உணர்வதைக் கூட்டு அடையாளம் என்கிறோமே, அதில் வரும் அடையாளம் என்ற தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். அங்க அடையாளம், அடையாளம் காட்டினார், அடையாளம் தெரியவில்லை: எல்லாமே பிறர் நம்மைப் பார்த்து அறிகிற குறி. லத்தீன் வழியில் வந்த ஐடென்டிட்டி ‘அதுவே’ என்கிறது, உள்ளே மாறாமல் இருப்பதைச் சுட்டுகிறது. ஒரு குழுவின் அடையாளம் வெளியிலிருந்து வரும் பார்வையாலும் ஆகிறது என்பதைத் தமிழ்ச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் 1903இல் அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி எழுதியதும் இதுதான்: எப்போதும் பிறர் கண் வழியாகவே தன்னைப் பார்த்துக்கொள்ளும் உணர்வு. நாற்காலிக் காட்சியை நூறு முறை பார்த்து வளர்கிற குழந்தை, தானும் நாற்காலியில் இருந்தால், பிறர் தன்னிடம் குரல் தாழ்த்துவதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அல்லது ஒருநாள் கோபம் வந்து, தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து ‘நாங்கள் அப்படி இல்லை’ என்று சொல்லும். அந்த ‘நாங்கள்’கூடச் சித்திரிப்பை எதிர்த்துத்தான் பிறக்கிறது.

சில இடங்களில் ரெப்ரசென்டேஷன் இந்த இரண்டு கிளையிலும் சேராது. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995இல் எண்ணியபோது செய்திகளில் பார்க்கவும் கேட்கவும் கிடைத்தவர்களில் 17 சதவீதம்தான் பெண்கள், 2020இல் 25 சதவீதம். இது எண்ணிக்கைக் கணக்கு. இடம்பெறுதல் என்று எழுதினால் போதும். அந்த 25 சதவீதத்தில் எத்தனை பேர் நிபுணர், எத்தனை பேர் அழுகிற தாய் என்பதுதான் சித்திரிப்பு. ஒரே சொல்லைப் போட்டால் எண்ணிக்கை கூடியதையே நிலைமை சீரானதாக வாசகர் எடுத்துக்கொள்வார்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். வாக்கியம் என்ன சொல்கிறது என்று பார்க்கும் முன் அகராதியைத் திறக்கிறார்கள், முதலில் இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கூட்டத்தார் எல்லாரையும் ஒரே வார்ப்பாகப் பார்ப்பதைச் சொல்லும் ஸ்டீரியோடைப் வந்தால் ‘ஒரே மாதிரியானவை’ என்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் முதலில் குறித்தது, அச்சுத் தொழிலில் எழுத்துப் பக்கத்தை அப்படியே வார்த்தெடுத்த தகட்டை. அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922இல் அதை நம் தலைக்குள் இருக்கும் படங்களுக்குப் பெயராக்கினார். ‘ஒரே அச்சில் வார்த்த மாதிரி’ என்று நாமே சொல்கிறோம், அச்சுவார்ப்பு என்றால் யாருக்கும் புரியும்.

அந்த மெய்ப்பில் நான் கடைசியாக எழுதிக் கொடுத்தது இது: “ஊடகங்கள் மாற்றுத்திறனாளிகளைத் தவறாகச் சித்திரிக்கின்றன.” செயப்பாட்டுவினையும் போய்விட்டது. யார் செய்கிறார்கள் என்பது இப்போது வரியிலேயே இருக்கிறது.