கம்பெனிக்கு விற்றாலும் அது நுகர்வோர் பொருள்தான்

ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் பற்றி ஆலோசனை கேட்டு வரும் சாதனத் தயாரிப்பாளர்கள் பலர் சொல்லும் முதல் வாதம் இது: "எங்கள் ரவுட்டரை கம்பெனிகள் மட்டும்தான் வாங்குகின்றன. நுகர்வோர் பொருளுக்கான விதி எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" பெரும்பாலும் பொருந்தும். லைசென்ஸ் கணக்கில் எடுப்பது பொருளின் வகையை; பில்லில் யார் பெயர் இருக்கிறது என்பதை அல்ல.

இந்த விதி ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸின் மூன்றாம் பதிப்பில், 6ஆம் பிரிவில் இருக்கிறது: அந்த லைசென்ஸில் உள்ள மென்பொருளை நுகர்வோர் பொருளில் வைத்து விற்றால், பயனர் அதைத் திருத்தி அதே சாதனத்தில் ஓட்ட வழி தர வேண்டும். 2007 ஜூன் 29 அன்று வெளியான பதிப்பு அது. அதற்கு முன், டிவோ என்ற வீடியோ ரெக்கார்டர் லினக்ஸில் ஓடியது; மூலநிரலும் கிடைத்தது. ஆனால் அந்த நிரலைத் திருத்தி ஏற்றினால், டிஜிட்டல் கையொப்பம் பொருந்தவில்லை என்று சாதனம் அதை ஓட்ட மறுத்தது. திருத்தும் உரிமை தாளில் மட்டும் இருந்தது. அதைத் தடுக்க எழுதப்பட்ட விதி இது.

தனிநபர், குடும்பம், வீடு ஆகியவற்றின் தேவைக்கு வழக்கமாகப் பயன்படும் அசையும் பொருள் எதுவும் நுகர்வோர் பொருள். 1975இல் வந்த அமெரிக்க வாரன்டிச் சட்டத்தின் வரையறையை ஒட்டிய வாசகம் இது. ஒரு மருத்துவமனை ஆயிரம் டேப்லெட் வாங்கி வார்டுகளில் வைக்கிறது என்று வையுங்கள். அந்த வகை டேப்லெட்டை மக்கள் வீட்டில் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள் என்றால், ஆயிரமும் நுகர்வோர் பொருள்தான். தொழில்துறை உபயோகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, அது மட்டுமே குறிப்பிடத்தக்க உபயோகமாக இருந்தால்தான் விலக்கு. சந்தேகம் வந்தால் விதி பொருந்தும் என்றே முடிவெடுக்க வேண்டும் என லைசென்ஸே சொல்கிறது. வீட்டுக் கட்டடத்தில் பொருத்துவதற்கென்று வடிவமைத்த அல்லது விற்கிற சாதனங்களும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஸ்மார்ட் பூட்டைக் கதவில் பதித்துவிட்டதால் அது அசையும் பொருள் இல்லை என்று வாதாட முடியாது.

விதி பொருந்தினால், மூலநிரலோடு அதைத் திருத்தி அதே சாதனத்தில் நிறுவி ஓட்டத் தேவையான தகவலையும் தர வேண்டும். மென்பொருளுக்கு டிஜிட்டல் கையொப்பமிடும் நிறுவனத்தின் ரகசியச் சாவியையே கொடுத்தாக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அவசியமில்லை. பயனர் தன் சொந்தச் சாவியைப் பதிவு செய்துகொள்ள வழி இருந்தால் போதும். திருத்திய மென்பொருளுக்கு வாரன்டியோ அப்டேட்டோ தரும் கடமையும் இல்லை. அந்தத் திருத்தம் நெட்வொர்க்கின் இயக்கத்தைக் கணிசமாகப் பாதித்தால் இணைப்பை மறுக்கலாம்.

அப்புறம், சாதனத்தில் உள்ள எல்லா மென்பொருளுக்கும் இது பொருந்தாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், சிறு சாதனங்களுக்கான கட்டளைத் தொகுப்பான பிஸிபாக்ஸ் இரண்டும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருக்கின்றன; அதில் இந்த வாசகம் கிடையாது. கட்டளைகளை இயக்கும் பாஷ் 4.0 முதல் மூன்றாம் பதிப்பு, ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் சம்பா 3.2 முதல் மூன்றாம் பதிப்பு. ஜிபிஎல்லின் தளர்வான வடிவமான எல்ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பில் வரும் லைப்ரரிகளும் இதே கடமையைக் கொண்டுவருகின்றன. அங்கேதான் நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

எந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை, 'செக்யூர் பூட்' (கையொப்பம் சரியான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் ஏற்பாடு) வசதிக்காக சிப்பில் சாவியை நிரந்தரமாகப் பதிக்கும் ஃப்யூஸை எரிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். எரித்த பிறகு சாவியை மாற்றும் வழி அடைபட்டுப் போகலாம். யாராலும் மென்பொருளை மாற்ற முடியாதபடி ரோமில் (மாற்ற முடியாத நினைவகத்தில்) பதித்த சாதனத்துக்கு விலக்கு உண்டுதான். ஆனால் உங்கள் நிறுவனத்தால் மட்டும் இன்னும் அப்டேட் அனுப்ப முடிகிறது என்றால் அந்த விலக்கு கிடைக்காது.