ஈயக்குண்டை நோண்டாதீர்கள்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. இரவில் யாரோ சுட்டதில், நல்லவேளை, ஆளுக்குப் படாமல் குண்டு மரத்தில் போய்ப் புதைந்துவிட்டது. போலீஸ் வருவதற்குள், உதவி செய்வதாக நினைத்து ஒரு தம்பி அரிவாள் முனையால் அதை நோண்டி எடுத்துச் சட்டைப் பையில் சில்லறையோடு போட்டு வைத்திருந்தார். என் மேசைக்கு வந்தபோது அதில் இருந்த கோடுகளில் பாதி அரிவாள் போட்டது, மீதி நாணயங்கள் போட்டது.

தடய அறிவியல் கூடத்தில் துப்பாக்கிப் பிரிவு என்னுடைய வேலை. ரிவால்வர் குழலின் உட்புறம் சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் ஓடும். குண்டு அதற்குள் நெருக்கியடித்து வெளியேறும்போது அந்தக் குழலுக்கே உரிய நுண்கோடுகள் அதன் உடம்பில் பதியும். சந்தேகத் துப்பாக்கியால் நாங்களும் ஒரு குண்டு சுட்டு, இரண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் அருகருகே வைத்துப் பார்ப்போம். நாட்டுத் துப்பாக்கிக்கு இது எடுபடாது. அதன் குழலில் வரிகளே இல்லை. அதில் போட்டுச் சுடும் சிறு உலோக உருண்டையான பால்ரஸ் குண்டின் அளவு, எடை, உலோகக் கலவை என்றுதான் பேச முடியும்.

செம்பு உறை போட்ட குண்டு கொஞ்சம் தாங்கும். வெறும் ஈயத்தில் வார்த்தது அப்படியில்லை. சுத்த ஈயத்தில் நகத்தால் கீறினாலே கோடு விழும். அதனால்தான் நாங்கள் சோதனைக்குச் சுடுவது தண்ணீர்த் தொட்டிக்குள். மணலில் சுட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். பஞ்சுப் பெட்டிகூட ஈயத்தின் மெல்லிய கோடுகளை மழுங்கடிக்கலாம்.

பஞ்சுக்கே இந்தக் கதி என்றால் அரிவாளுக்குக் கேட்கவே வேண்டாம்.

எனவே ஊர்க்காரர்கள் குண்டைப் பார்த்தால் தொட வேண்டாம். மழை வருகிற மாதிரி இருந்தால் மேலே ஒரு அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்தால் போதும். காவல்துறை நண்பர்களே, வயல் சேற்றில் புதைந்திருந்தால் களிமண் கட்டியோடு வெட்டி அனுப்புங்கள், நாங்கள் ஊறவைத்துக் கரைத்துக்கொள்கிறோம். வெளியே கிடந்த குண்டை ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டாதீர்கள். நாள்பட்டால் வெள்ளையாகப் பூத்துக் கோடுகளைத் தின்றுவிடும். காற்றில் உலரவிட்டு, மெல்லிய தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வையுங்கள். பிரஷ் போட்டுக் கழுவவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் ரத்தமும் துணி நூலும் எங்களுக்கு வேண்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. சினிமாவில் டாக்டர் குண்டை இடுக்கியால் எடுத்து ஸ்டீல் கிண்ணத்தில் ‘டங்’ என்று போடுவார். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பல் வைத்த இடுக்கி வேண்டாம். கையுறை போட்ட விரல் போதும், அல்லது இடுக்கி முனையில் ரப்பர் குழாய் மாட்டிக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் தோப்புக்கு வருகிறேன். பக்கத்து மரத்தில் இன்னொரு குண்டு இருந்தது. 2018 கஜா புயலில் தப்பிய மரம் என்பதால் வெட்டச் சொன்னதும் தோப்புக்காரருக்கு முகம் வாடிவிட்டது. வெகுநேரம் பேசி, குண்டு இருந்த பகுதியை மட்டும் இரண்டடித் துண்டாக அறுத்து வாங்கினோம். குண்டுக்குத் தள்ளி உளி வைத்து, நார் ஓடும் வாக்கிலேயே பிளந்தோம். மூக்கு நசுங்கியிருந்தது. ஆனால் அடிப்பக்கத்து உடம்பில் கோடுகள் அப்படியே இருந்தன. பிடிபட்ட ரிவால்வரோடு பொருந்தின. தென்னந்துண்டு வழக்கு முடியும்வரை எங்கள் அலமாரிக்குக் கீழேதான் கிடந்தது.