மேனேஜர் தேடுகிறீர்களா? பழைய ஸ்கோர்கார்டை மூடி வையுங்கள்

இந்த வருடமும் அதே போன் வந்தது. கோடை விடுமுறையில் கல்லூரிப் பையன்களை வைத்து ஆடும் ஒரு சின்ன பேஸ்பால் அணி, சீசன் பாதியிலேயே மேனேஜரை அனுப்பிவிட்டது. போனவர் பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் பல வருடம் ஆடியவர். அவர் படம் போட்ட அட்டையைச் சிறு வயதில் சேர்த்து வைத்தவர்கள்தான் அந்த அணியின் கமிட்டியில் பாதிப் பேர். சரி, அடுத்து யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "அவரைவிடப் பெரிய பிளேயர் ஒருத்தர் ரிட்டையர் ஆகி இங்கேதான் இருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அமெரிக்காவில் இதுபோன்ற சின்ன அணிகளுக்கு ஆட்ட வீடியோவையும் புள்ளிவிவரத்தையும் அலசிக் கொடுப்பது என் தொழில். மேனேஜர் நேர்காணல் நடந்தால் எனக்கும் ஓரமாக ஒரு நாற்காலி போடுவார்கள். என் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளைகள் இப்போது பேட்டும் கையுறையுமாகத் திரிகிறார்கள், பெற்றோர்கள் கமிட்டிகளில் இருக்கிறார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. கிரிக்கெட்டில் யார் பந்து போடுவது என்று கேப்டன் முடிவு செய்வார். இங்கே அந்த வேலை முழுக்க மைதான ஓரத்து டக்அவுட்டில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருடையது. பேட்டிங் வரிசை, பந்து வீசும் பிட்சரை எப்போது மாற்றுவது, யாருக்குப் பதில் யார், எல்லாம் அவர் தலையில்தான். மேஜர் லீக்கில் சீசனுக்கு 162 ஆட்டம், அணியில் 26 பேர், அநேகமாகத் தினமும் ஆட்டம்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். "நன்றாக ஆடியவனுக்குத்தான் ஆட்டம் தெரியும்" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடுகிறவனுக்குத் தெரிய வேண்டியது வேறு, ஆட வைப்பவனுக்குத் தெரிய வேண்டியது வேறு. பேட்டருக்குத் தன் எதிரே வரும் ஒரு பந்துதான் உலகம். பந்து கையை விட்டுக் கிளம்பி அரை நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவை உடம்புதான் எடுக்கிறது. அதை எப்படிச் செய்தாய் என்று கேட்டால் மகா திறமைசாலிகள் பலருக்குப் பதில் சொல்லத் தெரியாது. "பந்தைப் பார், அடி" என்பார்கள். அவர்களுக்கு அது உண்மை. இருபது வயதுப் பையனுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வரலாற்றைப் பார்த்தாலே இந்த நம்பிக்கை சரிந்துவிடும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. டோனி லா ரூசா மேஜர் லீக்கில் 132 ஆட்டம் ஆடி, பத்து வாய்ப்பில் இரண்டு தடவைகூட ஒழுங்காக அடிக்காத .199 பேட்டிங் சராசரியோடு, பந்தை வேலிக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் ஒன்றுகூட இல்லாமல் முடித்தவர். மேனேஜராக 1989, 2006, 2011 என்று மூன்று வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடர்களை வென்றார். டாம்மி லசோர்டா பிட்சர், மேஜர் லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லை, நான்கு தோல்வி. டாட்ஜர்ஸ் மேனேஜராக 1,599 வெற்றி. வால்டர் ஆல்ஸ்டன் 1936இல் ஒரே ஒரு தடவை பேட் பிடித்தார், ஸ்ட்ரைக்அவுட் ஆனார், அத்தோடு மேஜர் லீக் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அதே மனிதர் 1954இலிருந்து 1976 வரை டாட்ஜர்ஸை நடத்தி நான்கு வேர்ல்ட் சீரிஸ் வாங்கிக் கொடுத்தார், அதுவும் வருடா வருடம் புதுப்பிக்கும் ஓராண்டு ஒப்பந்தத்தில். ஏர்ல் வீவர், ஜிம் லேலண்ட் இருவரும் மேஜர் லீக்கில் ஆடியதே இல்லை. இருவரும் பேஸ்பால் சாதனையாளர்களின் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

உடனே டெட் வில்லியம்ஸைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1941இல் .406 அடித்தவர், அதற்குப் பிறகு மேஜர் லீக்கில் ஒரு முழு சீசனில் யாரும் .400ஐத் தொடவில்லை என்றே பல காலம் பேசப்பட்டது. 1969இல் வாஷிங்டன் செனட்டர்ஸின் மேனேஜராக வந்தார். முந்தைய வருடம் 65 வெற்றியோடு கிடந்த அணி அந்த வருடம் 86 வென்றது. .187 அடித்துக்கொண்டிருந்த எட் பிரிங்க்மேன் .266க்குப் போனார். பார்த்தீர்களா, என்பார்கள். பார்த்தேன். அதே 1969இல் பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள் என்பதையும் பார்த்தேன். அந்த வருடம் லீக் முழுக்கவே பேட்டிங் ஏறியது. வில்லியம்ஸ் சொல்லிக்கொடுத்ததில் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன், நிச்சயம் இருந்தது. ஆனால் அடுத்தடுத்த வருடங்கள் 70, 63 என்று இறங்கி, அணி டெக்சாஸுக்குப் பெயர்ந்த 1972இல் 54 வெற்றி, 100 தோல்வி. முதலாளி செய்த மோசமான ஆள் மாற்றங்களுக்கும் இதில் பங்குண்டு. அப்படியும், பேட்டிங் சொல்லிக்கொடுப்பது மேனேஜர் வேலையில் ஒரு மூலைதான்.

மீதி வேலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? மாற்றுப் பிட்சர்கள் காத்திருந்து சூடேறும் புல்பென்னில்.

நான் முதலில் சொன்ன அணியின் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். ஏழாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை. ஆரம்பப் பிட்சரின் பந்து ஆறாவது இன்னிங்ஸிலிருந்தே மேலேறத் தொடங்கிவிட்டது. கால் தளர்ந்தால் பந்து மேலே நிற்கும், கேமராவில் தெளிவாகத் தெரிகிறது. முதல் பேட்டருக்கு வாக், அதாவது நான்கு தப்புப் பந்துக்கு இலவசமாக முதல் பேஸ். அடுத்தவன் சிங்கிள். நான் கேமராவைப் புல்பென் பக்கம் திருப்பினேன். இரண்டு பிட்சர்கள் பெஞ்சில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிட்சர் சூடேற இருபது பந்தாவது வீச வேண்டும். அப்போதுதான் மேனேஜர் எழுந்து கையை அசைத்தார். அவசர அவசரமாக ஒருவன் எழுந்து எட்டுப் பந்து வீசுவதற்குள் மூன்றாவது பேட்டர் வளைந்து வந்த கர்வ்பாலை வேலிக்கு வெளியே அனுப்பிவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் அந்தப் பிட்சரிடம், "அவன் கர்வ்பாலுக்குக் காத்து நிற்கிறான் என்று அவன் பின்னங்காலைப் பார்த்தாலே தெரியுமே, உனக்குத் தெரியவில்லையா?" என்று கத்தினார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி! எனக்குத் தெரியாதது, அங்கிருந்த யாருக்கும் தெரியாதது, அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கண் பேட்டரையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பதினைந்து நிமிடம் கழித்து யார் தேவைப்படுவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மேனேஜர் வேலை அந்தப் பதினைந்து நிமிடம்தான். மேஜர் லீக்கில் 2020இலிருந்து, உள்ளே வரும் பிட்சர் மூன்று பேட்டர்களையாவது எதிர்கொள்ள வேண்டும், அல்லது அந்தப் பாதி இன்னிங்ஸ் முடிய வேண்டும் என்று விதி. தப்பான ஆளை அனுப்பிவிட்டு உடனே திருப்பி அழைக்கவும் முடியாது.

அதனால்தான் மேனேஜர்களில், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தவர்கள் இத்தனை பேர். மைதானம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்க்கிற ஒரே ஆள் கேட்சர். பிட்சர் களைப்பது அவனுக்குத்தான் முதலில் தெரியும், நடுவரிடம் பேசிப் பழக்கமும் அவனுக்குத்தான். நான்கு வேர்ல்ட் சீரிஸ் வென்ற புரூஸ் போச்சி மாற்று கேட்சர், சராசரி .239. ஆட்டத்தில் பாதி நாளைப் பெஞ்சில் கழித்தவர். ஸ்டீபன் வோட் 2022இல் ஓய்வு பெற்றார், ஒரு வருடம் சியாட்டிலில் புல்பென் கோச், 2024இல் கிளீவ்லாந்து மேனேஜர், அதே வருடம் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருது. கேட்சர், அதற்கு மேல் புல்பென் கோச். வேறென்ன தகுதி வேண்டும்?

அதற்காக, ஆடத் தெரியாதவன்தான் நல்ல மேனேஜர் என்று கிளம்பிவிடாதீர்கள். அதையும் ஒரு கமிட்டி என்னிடம் சொல்லிவிட்டது. ஃபிராங்க் ராபின்சன் 586 ஹோம் ரன் அடித்தவர். மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேனேஜராக 1975இல் கிளீவ்லாந்தில் இறங்கி, அன்றைய ஆட்டத்தில் தானே பேட் பிடித்து ஹோம் ரனும் அடித்தார். எல்லோரும் அந்த ஹோம் ரனைச் சொல்வார்கள். தான் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே குளிர்கால விடுமுறைகளில் புவேர்ட்டோ ரிக்கோ போய் சாண்டூர்சே அணிக்கு மேனேஜராக இருந்து அவர் தொழில் பழகியதை ஒருவரும் சொல்வதில்லை. பின்னாளில் 1988இல் 107 ஆட்டம் தோற்ற பால்டிமோரை அடுத்த வருடமே 87 வெற்றிக்குக் கொண்டுவந்தார்.

ஆரோன் பூன் என்பவரைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. டிவியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவரை யாங்கீஸ் நேராக மேனேஜர் ஆக்கியது, 2018இல் முதல் வருடமே 100 வெற்றி. உண்மைதான். தாத்தா, அப்பா, அண்ணன் எல்லோரும் மேஜர் லீக் ஆடிய வீட்டில் பிறந்தவர், அப்பா கேட்சராக இருந்து மேனேஜரும் ஆனவர். சுற்றி யாங்கீஸின் பணமும் கோச்சுகளும். உங்கள் அணியில் சம்பளம் வாங்கும் கோச் எத்தனை பேர்? ராபின் வெஞ்சுராவையும் ஷிகாகோ ஒயிட் சாக்ஸ் அனுபவமே இல்லாமல்தான் எடுத்தது. முதல் வருடம் 85 வெற்றி, அடுத்த வருடம் 99 தோல்வி.

என் கட்சிக்கு எதிராக ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். ரைன் சாண்ட்பெர்க், ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டக்காரர், 2007இல் பியோரியாவில் கீழ்நிலை மைனர் லீக் அணியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறி வந்தார். பஸ்ஸில் ராத்திரி முழுக்கப் பயணம், மட்டமான மோட்டல், எல்லாம் பார்த்தவர். பிலடெல்பியாவில் கடைசியில் 119 வெற்றி, 159 தோல்வி, 2015 நடுவில் தானே விலகினார். அணி வயதாகிச் சரிந்துகொண்டிருந்தது. பயிற்சி இருந்தாலும் தோற்கலாம். பயிற்சியே இல்லாத ஆளைப் போட்டுவிட்டுத் தோற்பதில் என்ன பெருமை என்பதுதான் என் கேள்வி.

சரி, ஆள் எடுக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

ஆடிய காலத்தைப் பற்றி நேர்காணலில் பேசவே கூடாது. கமிட்டித் தலைவர் 1990களின் ஏதோ ஒரு ஹோம் ரனைப் பற்றி ஆரம்பித்தால் மேஜைக்கடியில் காலை மிதியுங்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இன்றுவரை என்ன செய்தார் என்று கேளுங்கள். கோச்சாக இருந்தாரா, மைனர் லீகில் ஒரு சீசனாவது நடத்தினாரா, இல்லை கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தாரா?

ஒரு பேட்டிங் வரிசையையும் உங்கள் புல்பென்னில் இருப்பவர்கள் பட்டியலையும் கையில் கொடுங்கள். ஆறாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், பிட்சர் எண்பது பந்து வீசிவிட்டான், இப்போது யாரை எழுப்புவீர்கள் என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் பரவாயில்லை. நேற்று யார் எத்தனை பந்து வீசினான் என்று அவர் திருப்பிக் கேட்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். கேட்காதவரை எடுக்காதீர்கள்.

எடுத்த பிறகு ஒரு முடிவை வைத்து அவரைத் தூக்கி எறியவும் வேண்டாம். 2003இல் யாங்கீஸோடு நடந்த அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் பாஸ்டனின் கிரேடி லிட்டில், எட்டாவது இன்னிங்ஸில் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸை மாற்றாமல் விட்டு மூன்று ரன் முன்னிலையை இழந்தார், பதவியும் போனது. அன்று 11ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து முடித்து வைத்தவர் மேலே சொன்ன அதே ஆரோன் பூன்தான். 2020 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பேயின் கெவின் கேஷ், ஒன்பது பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்திருந்த பிளேக் ஸ்னெல்லை 73 பந்தோடு மாற்றினார், தோற்றார். ஒருவர் மாற்றாததற்குத் திட்டு வாங்கினார், இன்னொருவர் மாற்றியதற்கு. கேஷைத் தூக்காமல் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் அணி 100 ஆட்டம் வென்றது.

சிறுவர் அணி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பழைய ஆட்டக்காரர் உங்கள் பிள்ளைகளுக்கு மேனேஜராக வர ஒப்புக்கொண்டால் சந்தோஷப்படுங்கள், ஆனால் பந்து எண்ணும் பொறுப்பை அவரிடம் மட்டும் விடாதீர்கள். லிட்டில் லீக் விதிப்படி 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது, 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. "எங்கள் காலத்தில் எண்ணவா செய்தோம்" என்பார். அவர் காலத்தில் முழங்கை போய் ஆட்டத்தை விட்டவர்கள் இப்போது மேனேஜர் நேர்காணலுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். உங்களில் ஒருவர் கையில் எண்ணும் கருவியோடு உட்காருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஞாயிறன்று வேறொரு அணிக்கும் வீசும் பிள்ளையின் கணக்கு உங்கள் தாளில் வராது. அதை அவன் அம்மாவிடமோ அப்பாவிடமோதான் கேட்க வேண்டும், ஒவ்வொரு வாரமும், வெட்கப்படாமல்.