மூங்கில் ஏணியும் இடுப்பில் ஒரு நீர்க்கட்டியும்

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். மிளகு பறிக்கச் சாத்துவது மூங்கில் ஏணி. மூங்கிலுக்குள் வெறும் பொள்ளல்தான். ஆனாலும் ஆள் ஏறினால் தாங்கும். என்றாவது முறிந்தால், படி செருகத் துளை போட்ட இடத்தில்தான் பெரும்பாலும் முறியும்.

தொடை எலும்பின் கழுத்தும் (இடுப்பு மூட்டின் உருண்டையைத் தண்டோடு இணைக்கும் ஒடுங்கிய பகுதி) அப்படித்தான். வளைக்கும் விசையை ஓரங்களே சுமக்கின்றன. நடுவில் இருப்பதற்கு வேலை குறைவு. கழுத்தின் நடுவே எலும்பு வலை இயல்பாகவே அடர்த்தி குறைந்த முக்கோணப் பகுதி ஒன்று உண்டு. அங்கே சின்னதாக நீர்க்கட்டி (எலும்புக்குள் நீர் நிரம்பிய குழி) இருந்தால் பெரிதாகப் பயமில்லை. அதே அளவுக் கட்டி கழுத்தின் கீழ்ப்புறத்தில் எலும்பின் தடித்த வெளியோட்டை அரித்தால் கதை வேறு. நடக்கும்போது அமுக்கம் அதிகம் இறங்குவது அந்த ஓட்டில்தான். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் “எத்தனை சென்டிமீட்டர்?” என்று கேட்கிறோம். “எங்கே?” என்பதுதான் முதல் கேள்வி.

சிறுவர்களுக்கு வரும் சாதாரண நீர்க்கட்டி, மேற்கை எலும்புக்கு அடுத்தபடியாகத் தொடை எலும்பின் மேல்முனையில்தான் அதிகம். உள்ளே வைக்கோல் நிறத்தில் நீர். வலி பெரும்பாலும் இருக்காது. பையன் திண்ணையிலிருந்து குதித்துக் கால் முறிந்த பிறகே பலருக்குத் தெரியவரும். வயதானவர்களுக்கு வருவது வேறு ரகம்: மூட்டுத் தேய்மானத்தில், குருத்தெலும்புக்கு அடியில் உண்டாகும் சிறு குழிகள்.

சரி, இடுப்பு எவ்வளவு சுமக்கிறது? சேலம் கடைவீதியில் சும்மா நடந்தாலே, ஒரு கால் தரையை விட்டு எழும்போது உடம்பின் பாரம் மறு காலின் இடுப்பு மூட்டுக்கு உட்புறமாக விழுகிறது. இடுப்பு சாயாமலிருக்க வெளிப்புறத் தசை இழுத்துப் பிடிக்கிறது. மூட்டிலிருந்து தசைக்குள்ள தூரம் குறைவு, அதாவது நெம்புகோல் குட்டை, அதனால் இழுவை அதிகம். இரண்டும் சேர்ந்து மூட்டில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு இறங்குகிறது. 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ. தடுக்கித் தடுமாறினால் 8 மடங்கு வரைகூடப் பதிவாகியிருக்கிறது.

பக்கவாட்டில் விழுந்தால் கணக்கே தலைகீழ். நடக்கையில் அதிகம் அமுங்காத கழுத்தின் மெல்லிய மேல் ஓடு அப்போது நசுங்குகிறது.

கட்டி ஆபத்தான இடத்தில் இருந்தால் சுரண்டியெடுத்து எலும்புத்தூள் நிரப்புவார்கள். தேவைப்பட்டால் பிளேட், ஸ்க்ரூவும் வைப்பார்கள். அதுவரை பாரத்தைக் குறைக்க, வலது இடுப்பில் கோளாறென்றால் ஊன்றுகோல் இடது கையில், காய்கறிப் பை வலது கையில். பலரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.