போன் வாங்கும் முன் அதன் ஆயுசைக் கேளுங்கள்

போன மாதம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். காலையில் ரப்பர் பால்வெட்டு முடிந்த கையோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். போனின் ஓரத்தில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. "மக்களே, போன் நல்லாத்தான் இருக்கு. பேங்க் ஆப் மட்டும் திறக்க மாட்டேங்குது" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். டிஸ்பிளேயில் ஒரு கீறல் இல்லை, பேட்டரியும் தாங்குகிறது. செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் போய் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பார்த்தால், 2019 ஆகஸ்ட். மகளின் ஆன்லைன் வகுப்புக்காக 2020-இல் கடனுக்கு வாங்கிய புது போன் அது. அதாவது, அவர் காசு கொடுத்த நாளிலேயே அந்த போனுக்கு அப்டேட் நின்று போயிருந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. அக்காவுக்கும் கேட்கத் தெரியவில்லை.

போர்டில் பழுது என்றால் சாமான் மாற்றிச் சரிசெய்துவிடலாம். இது அப்படியில்லை. கம்பெனி அப்டேட் அனுப்பாமல் கைவிட்ட சிஸ்டத்தில், அதாவது போனை இயக்கும் மென்பொருளில், பேங்க் ஆப் திறக்க மறுக்கலாம். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது. நல்ல நிலையில் இருக்கிற போனைத் திருப்பிக் கொடுத்து, "இதில் இனி பேங்க் வேலை நடக்காது அக்கா" என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன் வாங்க வருகிறவர்கள் ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, இந்த மாடலுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம் வரை வரும் என்பது. ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை கூகுள் தொடர்ந்து வெளியிடுகிறது. ஆனால் அதைத் தன் மாடலுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்ப வேண்டியது போன் கம்பெனி. விலை குறைந்த மாடல்களில் இந்த வேலையைச் சீக்கிரமே நிறுத்திவிடுகிறார்கள். எல்லாரும் அப்படியில்லை. சாம்சங் 2024-இல் விட்ட கேலக்ஸி ஏ16 5ஜி மாடலுக்கு ஆறு வருஷப் பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று அறிவித்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். கணக்கு தொடங்குவது மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு வருஷமாகக் கடையில் கிடந்த போன் தள்ளுபடியில் கிடைத்தால், அந்த இரண்டு வருஷத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ரேம், அதாவது ஆப்கள் ஓடும்போது போன் பயன்படுத்தும் வேகமான நினைவகம். பெட்டியில் 8 ஜிபி என்று பெரிதாக இருக்கும்; கீழே சின்ன எழுத்தில் 4+4 என்று போட்டிருப்பார்கள். இரண்டாவது 4 ரேமே இல்லை, படமும் வீடியோவும் சேமிக்கிற ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. ஸ்டோரேஜில் 64 ஜிபி என்றால் சிஸ்டமே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கோயில் குரூப், சபை குரூப், குடும்ப குரூப் என்று வாட்ஸ்அப் வீடியோக்கள் மீதியை நிரப்பிவிடும். அப்டேட் வந்தாலும் இறக்க இடம் இருக்காது. முடிந்தவரை 128 ஜிபி பாருங்கள். ஆண்ட்ராய்டு கோ என்பது ரேம் குறைந்த போன்களுக்கென்று கூகுள் செய்த இலகுவான பதிப்பு. பேச, பாட்டு கேட்கப் போதும். பேங்க் வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அதை நான் சொல்லமாட்டேன்.

இப்போது ஐபோன். நம் குமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத ஊர் குறைவு. அங்கிருந்து வருகிற பழைய ஐபோன்களும் ஏராளம். ஐபோனுக்கு அப்டேட்டை ஆப்பிளே நேராக அனுப்புகிறது, வருஷக்கணக்கில் அனுப்புகிறது. அது பெரிய பலம்தான். ஆனால் கைமாறி வருவது எந்த மாடல் என்று பாருங்கள். ஐபோனின் சிஸ்டத்துக்கு ஐஓஎஸ் என்று பெயர். ஐபோன் 7 ஐஓஎஸ் 15-லும், 8-ம் எக்ஸும் 16-லும் நின்றுவிட்டன. எக்ஸ்ஆர் 18-ஐத் தாண்டாது. மெனு முழுவதும் தமிழில் வருவது 18.4-லிருந்துதான். ஆக, தமிழ் மட்டும் வாசிக்கிற அம்மாவுக்கு ஐபோன் 8 வாங்கிக் கொடுத்தால் செட்டிங்ஸுக்குள் அவர் தனியாகப் போகவே முடியாது. அதே விலைக்கு ஒரு புது ஆண்ட்ராய்டு அவருக்கு எவ்வளவோ மேல்.

பழைய ஐபோனை வாங்கும்போது, விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண்முன் ரீசெட் செய்து தரட்டும். அப்படிச் செய்யாத போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். அதைத் திறந்து தரச் சொல்லி மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள், என்னால் முடியாது. அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் போடும் இடமே இல்லை, கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். எந்த பிராண்டாக இருந்தாலும் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை எடுத்து, KYM என்று அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட போன் என்றால் தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் அல்லாத மூன்றாவது சிஸ்டம் எதையும் மலிவு என்று எடுக்காதீர்கள். விண்டோஸ் போன்களில் வாட்ஸ்அப் 2019-ஓடு நின்றது. பட்டன் போன்களில் வந்த காய்ஓஎஸ்ஸில் 2024 ஜூனுக்குப் பிறகு வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கவே முடியாது. பேச மட்டும் போதும் என்கிற பெரியவர்களுக்குச் சாதாரண பட்டன் போனே சரி.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் சார்ஜிங் போர்ட் அரித்து குளச்சல், தூத்தூர் பக்கமிருந்து வாரம் தவறாமல் போன் வருகிறது. சிஸ்டத்தைப் பார்த்த பிறகு, தூசு, தண்ணீர் பாதுகாப்புக்கான ஐபி எண் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஎஸ்என்எல் 4ஜி வைத்திருப்பவர்கள், அதன் சிக்னல் வருகிற அலைவரிசைகளில் ஒன்றான பேண்டு 28 போனில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த அக்கா மறுவாரம் மகளோடு வந்தார். நான்கு மாடல்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் கம்பெனி சொல்லியிருக்கும் அப்டேட் வருஷத்தை அவர் மகளையே தேடிப் படிக்கச் சொன்னேன். கேமரா கொஞ்சம் சுமாரான, 2030 வரை அப்டேட் வருகிற ஒன்றை எடுத்தார்கள். பில்லின் பின்பக்கம் அந்த வருஷத்தைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.