பெயர் பிழைத்த இடம்: இங்கிலாந்தின் அரிய குடும்பப்பெயர்களைத் தேடும் முறை

1881 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு பிரிட்டனில் எந்தக் கூரையின் கீழ் யார் படுத்தார்களோ, அவர்கள் அத்தனை பேரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறினார்கள். பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் என்று ஏறக்குறைய 2.97 கோடி பேருடைய விவரம். அந்தக் கணக்கெடுப்பு முழுவதும் பெயர் பெயராகக் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டது. ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப்பெயரைக் கொடுத்தால், அது எந்த வட்டாரத்தில் எத்தனை பேரிடம் இருந்தது என்பதை வரைபடமாகவே பார்த்துவிடலாம். ஸ்மித் மாதிரியான பெயர் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அரிய பெயரோ பெரும்பாலும் ஒரே பள்ளத்தாக்கில் கொத்தாக நிற்கும். சுற்றிலும் நாலைந்து புள்ளிகள், லண்டனில் கொஞ்சம்.

கொத்தைப் பார்த்த கையோடு 'இதுதான் பூர்வீகம்' என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படக் கூடாது. அந்த வரைபடம் காட்டுவது பெயர் பிறந்த இடத்தை அல்ல, பெயர் பிழைத்த இடத்தை. சில பெயர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், சிலவற்றுக்கு நூறு மைல் தள்ளி இருக்கும். எது எப்படி என்று பிரித்தறிவதுதான் இந்தத் துறையின் வேலையே.

பெயர்கள் ஏன் அரிதாகின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தில் குடும்பப்பெயர் தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போகும். மகள் திருமணமானதும் வழக்கமாகக் கணவர் பெயருக்கு மாறிவிடுவாள். பெயர் சொல்ல ஆண் வாரிசு இல்லையென்றால் அந்தக் கிளை அத்தோடு சரி.

இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளில் 100 பெயர்களை எழுதுங்கள், பெயருக்கு ஒரே ஓர் ஆண். ஒவ்வோர் ஆணுக்கும் இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள். எத்தனை தலை விழுகிறதோ அத்தனை மகன்கள். இரண்டும் பூ விழுந்தால் வாரிசு இல்லை. சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன் என்பதால் மொத்தக் கூட்டம் பெருகுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆனாலும் முதல் சுற்றிலேயே சுமார் 25 பெயர்கள் போய்விடும். இரண்டாம் சுற்று முடியும்போது போனவை 39, ஐந்தாம் சுற்றில் 60, பத்தாம் சுற்றில் 74. (முந்தைய சுற்றின் அழிவு வாய்ப்போடு 1ஐக் கூட்டி, வர்க்கப்படுத்தி, 4ஆல் வகுத்தால் அடுத்த சுற்றின் வாய்ப்பு வரும். 0.25க்கு அடுத்தது 1.25 × 1.25 ÷ 4 = 0.39.) இருபது தலைமுறைக்குப் பிறகு, அதாவது தலைமுறைக்கு 30 ஆண்டு என்று கொண்டால் 600 ஆண்டுக்குப் பிறகு, 85 பெயர்கள் இருக்காது. ஆட்களின் எண்ணிக்கை மட்டும் கிட்டத்தட்ட 100லேயே நிற்கும். மிஞ்சிய 15 பெயர்களுக்குள் அவர்கள் அடங்கியிருப்பார்கள், சராசரியாகப் பெயருக்கு ஆறேழு பேர் என்று.

யாருக்கும் நோய் வரவில்லை, எந்தக் குடும்பமும் பலவீனமானதல்ல. வெறும் பூவா தலையாதான். அரிய பெயரை வைத்திருப்பவர்கள் அதில் ஏதோ மேன்மை இருப்பதாகவும், பெயர் அழியும் நிலையிலிருப்பவர்கள் ஏதோ குறை இருப்பதாகவும் நினைப்பதுண்டு. கணக்கு இரண்டுக்கும் இடம் தருவதில்லை.

இந்தக் கேள்வியை 1873இல் கணித வடிவில் பொதுவில் வைத்தவர் பிரான்சிஸ் கால்டன். விடை தேடியவர் பாதிரியாரும் கணிதவியலாளருமான ஹென்றி வில்லியம் வாட்சன். இருவரும் 1874இல் வெளியிட்ட கட்டுரையில் சமன்பாடு சரி, முடிவு தவறு. 'எல்லாப் பெயர்களும் என்றாவது அழிந்தே தீரும்' என்றார் வாட்சன். அவருடைய சமன்பாட்டுக்கு 1, அதாவது நிச்சய அழிவு, எப்போதுமே ஒரு தீர்வு. சராசரி மகன்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் 1ஐவிடச் சிறிய இன்னொரு தீர்வும் உண்டு, அதுதான் உண்மையான விடை. அதை அவர் கவனிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் பியன்னமே 1845லேயே சரியான முடிவைச் சொல்லியிருந்தும் அது யார் கண்ணிலும் படவில்லை. 1931இல் ஆல்ஃப்ரெட் லோட்கா அமெரிக்கப் புள்ளிவிவரங்களைப் போட்டுப் பார்த்தார். சராசரியாக ஒருவருக்குச் சுமார் 1.26 மகன்கள், அதாவது நன்றாகப் பெருகும் மக்கள்தொகை. அப்போதும் ஒருவரிடம் தொடங்கும் ஆண்வழி அழிந்துபோகும் வாய்ப்பு 0.82. அதிலும் பாதிக்கு மேற்பட்ட அழிவு முதல் தலைமுறையிலேயே நடந்துவிடுகிறது. முதல் சில தலைமுறைகளைத் தாண்டிய பெயருக்குத்தான் ஆயுள் கெட்டி.

இங்கிலாந்தின் வரலாறு இந்தச் சூதாட்டத்தை இன்னும் கடுமையாக்கியது. 1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு நிலப்பிரபுக்களிடம் வேரூன்றிய பரம்பரைப் பெயர் வழக்கம், 1400 வாக்கில்தான் சாமானியர் வரை வந்து சேர்ந்தது. அந்த இடைவெளி முடிவதற்குள், 1348–49இல், கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வாரிக்கொண்டு போனது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் வழங்கிவந்த எத்தனையோ பெயர்கள் ஏட்டில் ஒருமுறை தலைகாட்டியதோடு மறைந்தன. பிழைத்தவர்கள் ஆளில்லாமல் கிடந்த நிலங்களைத் தேடி நகர்ந்தார்கள், பெயரும் கூடவே நகர்ந்தது.

தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர், இடம் என்று ஆங்கிலக் குடும்பப்பெயர்களுக்கு நான்கு ஊற்றுகள். தொழில்பெயர்கள் ஊருக்கு ஊர் தனித்தனியே முளைத்தவை. ஸ்மித் என்றால் கொல்லன், கொல்லன் இல்லாத ஊர் ஏது? அதனால் அவற்றுக்கு ஒற்றைப் பூர்வீகம் கிடையாது. அரிய பெயர்களைத் தேடுபவருக்குச் சுவையானவை இடப்பெயர்கள்தாம். அவற்றிலும் இரண்டு வகை உண்டு, இந்த வேறுபாட்டைத் தவறவிடுபவர்கள் நிறைய.

நாட்டிங்ஹாமுக்குத் தென்மேற்கே டிரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்றொரு ஊர். அந்த ஊரிலேயே இருந்தவரை 'அட்டன்பரோக்காரர்' என்று அழைத்து என்ன பயன்? எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள்தானே. ஊரைவிட்டு வெளியே போய்க் குடியேறியவருக்குத்தான் புது ஊர்க்காரர்கள் பழைய ஊரின் பெயரை ஒட்டினார்கள். ஆகவே இத்தகைய பெயரின் பிறப்பிடம், பெயரில் இருக்கும் ஊர் அல்ல. அதிலிருந்து நடந்துபோகக்கூடிய தொலைவில் உள்ள வேறோர் ஊர்.

மர்கட்ராய்ட் கதை வேறு. யார்க்‌ஷயரின் மேற்கே, ஹாலிஃபாக்ஸை அடுத்த வார்லியில் இருந்த ஒரு சிறு இடத்தின் பெயர் அது. 'ராய்ட்' என்றால் காட்டை வெட்டித் திருத்திய நிலம், முன்பாதி மார்கரெட் என்ற பெயர். அந்த மலைச்சரிவுகளில் கூட்டமான கிராமங்கள் குறைவு. பண்ணைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு பெயர். இங்கே நிலத்தில் இருந்தவரே நிலத்தின் பெயரைச் சூடிக்கொண்டார். மண்ணும் பெயரும் ஒட்டியே இருந்ததால் பூர்வீகத்தை வயல் வரைக்கும் நெருங்கிவிட முடிகிறது.

அதே பள்ளத்தாக்குகளில் இப்படி ஒற்றைப் பண்ணையில் பிறந்த பெயர்கள் ஏராளமாகப் பிழைத்திருப்பதற்குப் பிழைப்புதான் காரணம். விவசாயத்தோடு வீட்டுத் தறியில் கம்பளித் துணி நெய்ததால் சின்ன நிலத்திலும் குடும்பம் ஓடியது. பின்னர் ஆலைகளும் அங்கேயே வந்தன. மகன்கள் ஊரைவிட்டுப் போகாமல் பெருகினார்கள். வார்லியிலிருந்து கிளம்பிய துணி வியாபாரி ஜேம்ஸ் மர்கட்ராய்ட் 1640களில் கீத்லி அருகே ஈஸ்ட் ரிடில்ஸ்டன் மாளிகையைப் புதுப்பித்துக் கட்டும் அளவுக்கு வளர்ந்தார். விவசாயம் மட்டுமே இருந்த வட்டாரங்களின் மகன்களோ வேலை தேடி நகரத்துக்குப் போனார்கள். அப்படிப்பட்ட பெயருக்கு 1881இல் லண்டனில் கொத்து இருக்கும், மூல ஊரில் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

இனி செய்முறை. முதலில் எழுத்து வேறுபாடுகளைத் திரட்ட வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதினார். ராய்ட் என்பது ரோய்டாகவும் ரோடாகவும் ஆனது இப்படித்தான். முதலெழுத்து மாறிய வடிவங்களையும் விட்டுவிடக் கூடாது. பேச்சில் விழுங்கப்படும் 'ஹ' ஒலி ஏட்டில் இருக்கும், சில நேரம் இருக்காது. இன்னொரு பக்கம், 1881 ஏட்டில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் தெரியும் விநோதப் பெயரை நம்ப வேண்டாம். வீட்டுக்காரர் நிரப்பிய தாளிலிருந்து கணக்கெடுப்பாளர் புத்தகத்தில் பார்த்தெழுதினார். அதிலிருந்து இன்னொருவர் கணினிக்குப் பார்த்தெழுதினார். இரண்டு கை மாறியதில் பிறந்த போலிப் பெயராக இருக்கலாம். 1871, 1891 ஏடுகளிலும் அந்தக் குடும்பம் அதே பெயரில் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, தலையெண்ணிக்கையை விகிதமாக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: நாடு முழுக்க 150 பேர் வைத்திருக்கும் பெயர், லண்டனில் 60 பேர், 60,000 பேர் வாழும் ஒரு மலை வட்டாரத்தில் 30 பேர். எண்ணிக்கையில் லண்டன்தான் முன்னணி. ஆனால் அன்றைய லண்டனின் மக்கள்தொகை சுமார் 38 லட்சம், லட்சத்துக்கு 1.6 பேர்தான். மலை வட்டாரத்தில் லட்சத்துக்கு 50. நாட்டுச் சராசரி 0.5. ஆக மலையில் அடர்த்தி சராசரியைப்போல் 100 மடங்கு, லண்டனில் 3 மடங்கு.

இந்த விகிதமும் ஏமாற்றும். 400 பேர் வாழும் சிற்றூருக்கு எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் நேற்றுக் குடிவந்திருந்தாலும் லட்சத்துக்கு 2,000 என்று காட்டும். அதனால் தலைகளை எண்ணாமல் வீடுகளை எண்ணுவது நல்லது. வசிக்கும் ஊரைவிட, 50 வயது தாண்டியவர்கள் சொன்ன பிறந்த ஊரை வைத்து வரைபடம் போட்டால் இன்னும் நல்லது. அது 1830க்கு முந்தைய நிலவரத்தைக் காட்டிவிடும். 1890இல் எச். பி. கப்பி இதே நோக்கத்தில் விவசாயிகளின் பெயர்களை மட்டும் எடுத்து மாவட்டவாரியாகக் கணக்கிட்டார். மண்ணைவிட்டு எளிதில் நகராதவர்கள் அவர்கள் என்பது அவருடைய கணிப்பு. கணினி இல்லாத காலத்தில் அது அருமையான யோசனை.

கொத்து எங்கே என்று தெரிந்ததும் அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். அரசின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 முதல். அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள். அவற்றை வைக்கச் சொல்லி 1538இல் ஆணை பிறந்தாலும், காகித ஏடுகளைத் தோல் ஏட்டுக்குப் படியெடுக்கச் சொன்ன 1598 ஆணை, 1558 முதலானவற்றை எழுதினால் போதும் என்று இடம் கொடுத்ததால், பல ஊர்களின் பதிவேடு 1558இல்தான் தொடங்கும். உள்நாட்டுப் போரை ஒட்டி, 1642 முதல் 1660 வரை பல இடங்களில் ஓட்டை விழுந்திருக்கும். தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஏட்டில் 1640 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1641. இதை மறந்தால் 1640 மே மாதம் பிறந்த குழந்தை, 'அதே ஆண்டு' பிப்ரவரியில் இறந்ததாகத் தோன்றும், ஒரு கிளையையே தவறாக வெட்டிவிடுவோம்.

1538க்கு முன்னால் வரி ஏடுகளும் நிலப்பிரபுவின் நீதிமன்றச் சுருள்களும்தான் துணை. யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கு 1379 தலைவரி ஏடு நன்றாகவே எஞ்சியிருக்கிறது. சாதாரணத் தம்பதிக்கு 4 பென்ஸ் வரி. ஹாலிஃபாக்ஸ் பகுதியை உள்ளடக்கிய வேக்ஃபீல்ட் நீதிமன்றச் சுருள்கள் 1274 முதலே கிடைக்கின்றன. பிறகு 1840களில் தொடங்கிய, ஒரு மைலுக்கு ஆறு அங்குல அளவிலான பழைய நில அளவை வரைபடத்தை விரித்து, பண்ணை, ஓடை, மேடு என ஒவ்வொரு சிறுபெயரையும் படிக்க வேண்டும். ஊர்ப்பெயர் அகராதியில் இல்லாத எத்தனையோ மூலங்கள் அந்தத் தாளில் இருக்கின்றன.

கடைசிச் சோதனை மரபணு. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. குடும்பப்பெயரும் அதே வழியில். ஒரே மூதாதையிடமிருந்து வந்த பெயர் என்றால் அதை வைத்திருக்கும் ஆண்களின் ஒய் குரோமோசோம் ஒத்திருக்க வேண்டும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பிரிட்டானியக் குடும்பப்பெயர்கள் கொண்ட 1,678 ஆண்களைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஸ்மித்களுக்குள் இருந்த ஒற்றுமை, தெருவில் போகும் யாரோ இருவருக்குள் இருப்பதைவிட அதிகமில்லை. அட்டன்பரோக்களிலோ பெரும்பாலானவர்கள் ஒரே ஆண்வழி.

சோதிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கைக்கெட்டும் உறவினரை அழைப்பது. அண்ணன் தம்பியும் பெரியப்பா மகனும் ஒத்துப்போனால் தாத்தா வரைதான் உறுதியாகும். ஆவணப்படி 1700க்கு முன்பே பிரிந்த இரண்டு கிளைகளிலிருந்து ஆளுக்கு ஒருவரை எடுத்து, ஒய் குரோமோசோமில் குறைந்தது 37 குறியிடங்களை, அதாவது ஆளுக்கு ஆள் வேறுபடக்கூடிய இடங்களை, ஒப்பிட வேண்டும். 12 குறியிடப் பொருத்தம், பொதுவாகக் காணப்படும் ஆண்வழிகளில் தற்செயலாகவே வந்துவிடும்.

பொருந்தாவிட்டால் யாருடைய நடத்தையையும் சந்தேகிக்க வேண்டாம். தத்துப் பிள்ளை, மாற்றாந்தந்தையின் பெயரை எடுத்த பிள்ளை, திருமணமாகாத தாயின் பெயரில் வளர்ந்த பிள்ளை, மாமனார் சொத்துக்காகப் பெயர் மாறிய மருமகன் என்று வழிகள் பல. இங்கிலாந்துச் சட்டத்தில் ஒருவர் புதுப் பெயரைப் புழங்கினாலே அது அவர் பெயர். லெஸ்டர் ஆய்வின்படி, இப்படி ஆண்வழி அறுபடுவது தலைமுறைக்கு 1 முதல் 4.5 சதவீதம் வரை. சின்ன எண்தான், ஆனால் இருபது தலைமுறையில் பெருகிவிடும். தலைமுறைக்கு 2 சதவீதம் என்று வைத்தாலும் மூவரில் ஒருவருடைய கயிறு எங்கோ அறுந்திருக்கும்.

பொருந்தினாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பெயரைத் தொடங்கியவர் ஒருவரேதானா, அல்லது ஐந்தாறு பேர் தொடங்கி ஒருவருடைய வழி மட்டும் மிஞ்சியதா? இன்று வாழ்பவர்களின் ஒய் குரோமோசோமால் இதைச் சொல்ல முடியாது, இரண்டிலும் விடை ஒரே மாதிரிதான் தெரியும். பழைய ஏட்டில் அதே பெயர் ஒரே காலத்தில் தொலைதூர ஊர்கள் இரண்டில் பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மரபணு முடிவு கைக்கு வந்த பிறகும் 1379 வரி ஏட்டை மறுபடி பிரிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.