புறநகரில் வாடகை வீடு: 2017 சட்டப்படி அக்ரிமென்ட்டைப் பதிவு செய்தால் என்ன கிடைக்கும்?

சென்னைப் புறநகரில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரமா, சீசன் டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும், வாடகை கையைக் கடிக்காதா, தண்ணீர் நன்றாக வருமா. இவ்வளவையும் துருவித் துருவிக் கேட்கிறவர்கள்கூட அக்ரிமென்ட் என்று வந்ததும் புரோக்கர் நீட்டும் தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பல வீடுகளில் அந்தத் தாளும் இல்லை, வாய்ப்பேச்சிலேயே அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. அது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது, வீட்டு உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாகிவிட்டது. பழைய சட்டத்தில் நியாய வாடகையை நீதிமன்றம் நிர்ணயிக்க வழி இருந்தது, புதியதில் வாடகை எவ்வளவு என்பதை இரண்டு பேரும் பேசி எழுதிக்கொள்வதுதான். அதாவது எழுதியதற்குத்தான் மதிப்பு. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் மாநகராட்சி ஆகிவிட்டன, அங்கெல்லாம் குடியிருப்பவர்கள் ‘நாங்கள் ஊருக்கு வெளியேதானே இருக்கிறோம்’ என்று இந்தச் சட்டத்தை விட்டுவிட வேண்டாம். அரசுக் கட்டடங்கள், கோயில், வக்ஃப் போன்ற அமைப்புகளின் வீடுகள், நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் குவார்ட்டர்ஸ் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது.

முதல் விதி, எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. இரண்டாவது விதி, எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்பில் நியமிப்பார். பதிவானதும் அந்த வாடகைக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும்.

இங்கேதான் பெரிய குழப்பம். ‘பதினோரு மாத அக்ரிமென்ட் சார், பதிவு தேவையில்லை’ என்று எல்லா புரோக்கரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை மனதில் வைத்து. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது அந்தச் சட்டம், அதிலிருந்து தப்பிக்கத்தான் பதினோரு மாதம் என்ற வழக்கமே வந்தது. 2017 சட்டத்தின் பதிவு வேறு. அதற்குப் பதினோரு மாதம், மூன்று வருடம் என்ற வித்தியாசம் கிடையாது, எல்லா ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சொத்து தொடர்பான சாட்சியமாக ஏற்க முடியாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவைப் பின்னர் சேர்த்திருக்கிறார்கள். அட்வான்ஸ் தொண்ணூறாயிரம் கொடுத்ததற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள் என்றால், இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு வீட்டு உரிமையாளர்தான் வர வேண்டும் என்று இல்லை. உரிமையாளரோ குடியிருப்பவரோ, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே செய்யலாம். இரண்டு பேரின் பெயர், முகவரி, அடையாள விவரங்கள், வீட்டின் விவரம், குடியேறிய தேதி, வாடகை, மின்சாரம் தண்ணீர் போன்ற இதர கட்டணங்கள், ஒப்பந்தக் காலம், இவ்வளவுதான் படிவத்தில் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் தயங்கினால் வாடகை வரவுக்கும் வீட்டின் மீதான அவருடைய உரிமைக்கும் இது அவருக்கும் பாதுகாப்புதான் என்று எடுத்துச் சொல்லுங்கள், பலர் அந்த இடத்தில் ஒத்துக்கொள்வார்கள்.

சரி, அட்வான்ஸுக்கு வருவோம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி’ என்று ஒரு வரி இருக்கிறது. வாடகை 9,000 என்றால் மூன்று மாதம் 27,000. நீங்களே பத்து மாத அட்வான்ஸ் 90,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு மூன்று மாதம்தான் சட்டம் என்று வாதாடுவது கடினம். அதனால் பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். ‘சட்டத்தில் மூன்று மாதம் என்றுதானே இருக்கிறது, நாலு மாதமாக வைத்துக்கொள்ளலாமா’ என்று தயங்காமல் கேளுங்கள், கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்புங்கள். காலி செய்த பிறகு, உங்கள் பக்கம் பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம்.

அந்தக் கழிப்பில்தான் சண்டை வரும். பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இப்போது எழுதப்படாத வழக்கமாகவே ஆகிவிட்டது, எனக்கு இது சிறிதும் நியாயமாகப் படவில்லை. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, மின் ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குடியிருப்பவர் பொறுப்பில் வருபவை சின்னச் சின்னவை: குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கழிவுநீர்க் குழாய் அடைப்பு. ஆனால் இதிலும் அதே கதைதான், ஒப்பந்தத்தில் மாற்றி எழுதினால் எழுதியதே செல்லும். ‘காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்’ என்ற வரி தாளில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் குடியேறும் நாளிலேயே சுவர்க் கறை, ஓதம், உடைந்த டைல்ஸ் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிடுங்கள். தாழ்வான பகுதிகளில் மழைக்காலம் முடிந்து ஓதம் ஏறிய சுவருக்கெல்லாம் நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை.

மின் கட்டணத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை நேராக உங்களுக்கு வரும். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனத்துக்குச் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளில் அது எங்கே போகிறது என்று கேட்க வேண்டியிருக்கும். வாடகை ஒத்துவந்தாலும் தனி மீட்டர் இல்லாத வீட்டைப் பற்றி இரண்டு முறை யோசிப்பேன்.

தகராறு வந்தால் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாம் சட்டவிரோதம். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிப்பறை வசதி போன்றவற்றை உரிமையாளர் நிறுத்த முடியாது, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், அவர் உடனே இடைக்கால உத்தரவு போட அதிகாரம் உண்டு. வீட்டைப் பார்க்க வர வேண்டுமென்றாலும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் உங்களைக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றால் சட்டத்தில் சொன்ன காரணம் இருக்க வேண்டும், வாடகை நீதிமன்றத்தின் உத்தரவும் வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி, எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை அந்தக் காரணங்களில் சில. வாடகை பாக்கி என்றால், நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் காலி செய்யும் உத்தரவிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறது, அடிக்கடி அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. ஒப்பந்தமே எழுதாமல் இருப்பதும் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பத்து வருடமாக வாய்ப்பேச்சில் நிம்மதியாக இருக்கிறோம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இது முக்கியம்.

உரிமையாளர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்தால், பாக்கி என்ற பெயர் உங்கள் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சல் மணியார்டரில் அனுப்பி வையுங்கள், தொடர்ந்து இரண்டு மாதம் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

இப்போதே குடியிருக்கும் வீட்டுக்குப் பதிவு இல்லை என்றால், அடுத்த புதுப்பிப்புத் தேதி வரும்போது வாடகை உயர்வைப் பேசும் அதே உட்காரலில் புது ஒப்பந்தத்தையும் எழுதிப் பதிந்துவிடுங்கள். வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய இரண்டு பக்கமும் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுத வையுங்கள். பதிவு எண் வந்ததும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அட்வான்ஸ் அனுப்பிய வங்கி ரசீதோடு சேர்த்து வையுங்கள்.